200 பிராங்க் வாத்தியார்

கிஸோ என்ற பெயரை நான் முதலில் படித்தது 1988இல், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில், கிளாவரை பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம். ஆசிரியர் சங்கத்து நண்பர் ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையைக் கையில் திணித்திருந்தார். அதன் முதல் பக்கத்திலேயே, ஐரோப்பாவை ஆட்டும் கம்யூனிசம் என்ற பூதத்தை விரட்ட ஒன்றுசேர்ந்தவர்கள் பட்டியல் வரும். போப்பாண்டவர், ஜார் மன்னர், ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், கிஸோ. முதல் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன். நாலாவது ஆள் யார் என்று நண்பரைக் கேட்டேன். “யாரோ பிற்போக்குவாதி, விடுங்க சார், பஸ் வந்துருச்சு” என்றார். விட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் விட்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு பூம்பாறையில் நான் பார்க்கும் வேலை இரண்டு. காலையில் பூண்டுத் தோட்டம், சாயங்காலம் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் பழைய புத்தகங்கள். பூண்டு மனைவியின் இலாகா, நான் கூடமாட நிற்கும் ஆள். புத்தகம் மட்டும் முழுக்க என் இலாகா. போன மழைக்காலத்தில் தொடக்கப் பள்ளிகளின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த நாலாவது ஆள் மறுபடி வந்து நின்றார். பிரான்சில் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி இருந்தே ஆகவேண்டும் என்று 1833இல் சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். பிற்போக்குவாதி என்று நான் பஸ் ஸ்டாண்டிலேயே கழற்றிவிட்டவர், சொல்லப்போனால் என் தொழிலுக்குப் பெரியப்பா முறை.

பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்கச் செண்பகனூருக்குப் போனேன். அங்கே சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த வயதான ஃபாதர் ஒருவர் சிறுவயதில் பிரெஞ்சுப் பாதிரியார்களிடமே பிரெஞ்சு படித்தவர். “க்விஸோன்னும் சொல்வாங்க, கீஸோன்னும் சொல்வாங்க. நீங்க கிஸோன்னே எழுதுங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க” என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஆனா வாத்தியாரே, எங்க சபை வீடுகளை மூடச் சொல்லி ரோமுக்கே ஆள் அனுப்பின மனுஷன் அவர். போயும் போயும் அவரைத்தான் பிடிச்சீங்களா?” என்றார். உண்மைதான். 1845இல் நாடாளுமன்றத்தில் நெருக்கடி வந்தபோது, கிஸோவின் அரசு ரோஸி என்பவரை ரோமுக்கு அனுப்பிப் பேசி, பிரான்சில் இருந்த சேசு சபை இல்லங்கள் பலவற்றைச் சத்தமில்லாமல் மூட வைத்தது. அதற்குள் பிரெஞ்சு சேசு சபையார் மதுரைப் பக்கம் வந்து சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. “அங்க மூடினா என்ன, இங்க திறந்தோம்ல” என்று சிரித்து, டீ கொடுத்து அனுப்பினார்.

பிரான்சுவா கிஸோ பிறந்தது 1787 அக்டோபர் 4, தெற்கு பிரான்சின் நீம் நகரம். புராட்டஸ்டன்ட் குடும்பம். அன்றைய பிரெஞ்சுச் சட்டம் புராட்டஸ்டன்டுகளின் கல்யாணத்தையே கல்யாணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் பிள்ளை பிறந்ததும் கணக்கில் இல்லை. அவர்களை ஏற்கும் அரசாணை அடுத்த மாதம்தான் வந்தது. அப்பா வக்கீல். புரட்சி வந்தபோது மகிழ்ந்து வரவேற்றவர்; புரட்சி முற்றியபோது அதனாலேயே தலை இழந்தார். 1794 ஏப்ரல் 8ஆம் தேதி நீமில் கில்லட்டினில் வெட்டினார்கள். பையனுக்கு ஆறு வயது. அம்மா அன்று உடுத்திய துக்க உடையைச் சாகும்வரை மாற்றவில்லை என்கிறார்கள். அவர் மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய்விட்டார். கிரேக்கம், லத்தீன், தத்துவம் எல்லாம் படிக்க வைத்ததோடு தச்சு வேலையும் கற்றுக்கொள்ள வைத்தார். பிழைப்பு எப்போது எந்தப் பக்கம் புரளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெஞ்சுக் கால் ஆடினால் நானே ஆணி அடித்த வருஷங்கள் உண்டு. அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை அதிகம்.

1805இல் சட்டம் படிக்கிறேன் என்று பாரிஸ் வந்தவர் எழுத்தில் இறங்கிவிட்டார். இந்த இடத்தில் ஒரு கதை வருகிறது. இதை வீட்டில் சொன்னபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

போலின் த மெலான் என்று ஒரு பெண். பிரபுக் குடும்பம், புரட்சியில் சொத்தெல்லாம் போய்விட்டது. ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதித்தான் வீட்டைக் காப்பாற்றிவந்தார். 1807இல் படுத்த படுக்கையானார். கட்டுரை இல்லையென்றால் பணம் இல்லை. அந்தச் சமயம் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது: நீங்கள் தேறும்வரை உங்களுக்குப் பதிலாக நான் எழுதித் தருகிறேன். சொன்னபடி கட்டுரைகள் வந்தன. அவர் நடையிலேயே இருந்தன. அச்சாயின, பணமும் வந்தது. உடம்பு தேறிய பிறகு, யாரப்பா நீ என்று பத்திரிகையிலேயே கேட்டாராம். வந்து நின்றது இருபது வயதுப் பையன், கிஸோ. அந்த அம்மாவை விடப் பதினாலு வயது சின்னவர். 1812இல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

“ஏங்க, இவ்வளவு நல்ல மனுஷனையா பிற்போக்குன்னு சொன்னாரு உங்க ஆளு?” என்று கேட்டார் மனைவி. கொஞ்சம் பொறு, 1848 வரட்டும் என்றேன்.

அதே 1812இல் பாரிஸின் சோர்பான் பல்கலைக்கழகத்தில் நவீன வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். வயது 25 முடியவில்லை. முதல் சொற்பொழிவில் பேரரசர் நெப்போலியனை இரண்டு வரி புகழ்ந்துவிடு என்று சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்றார். நெப்போலியன் போய் பழைய ராஜவம்சம் திரும்பியதும் அரசுப் பதவிகளில் இருந்தார், பிறகு ஆட்சியோடு முட்டிக்கொண்டார். 1822இல் வகுப்பை நிறுத்தினார்கள். வேலை போன வாத்தியார் என்ன செய்வார்? எழுதினார். இங்கிலாந்துப் புரட்சியின் வரலாறு அப்படி வந்தது. 1828இல் மறுபடி வகுப்பெடுக்க விட்டபோது ஐரோப்பிய நாகரிகம் பற்றி அவர் நடத்திய பாடத்துக்குக் கூட்டம் அலைமோதியது. பின்னாளில் அமெரிக்க ஜனநாயகம் பற்றி எழுதிப் பேரெடுத்த தொக்வில், இளைஞராக அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நவீன ஐரோப்பா சமூக வர்க்கங்களின் போராட்டத்தில் பிறந்தது என்று அந்த மேடையில் சொன்னவர் கிஸோதான். வர்க்கங்களையோ அவற்றின் போராட்டத்தையோ கண்டுபிடித்தது நான் இல்லை, எனக்கு முன்னாலேயே வரலாற்றாசிரியர்கள் சொல்லிவிட்டார்கள் என்று மார்க்ஸே பின்னாளில் கடிதம் எழுதியிருக்கிறார். இதைச் சங்கத்து நண்பருக்கு போன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. “சிக்னல் சரியில்லை சார்” என்று வைத்துவிட்டார்.

1830 ஜூலைப் புரட்சியில் லூயி பிலிப் மன்னரானார். கிஸோ அமைச்சரானார், 1832இல் கல்வித் துறை கைக்கு வந்தது. போலின் 1827இலேயே காலமாகியிருந்தார். அவருடைய சகோதரி மகள் எலிசாவைத்தான் கிஸோ அடுத்து மணந்தார். 1833 மார்ச்சில் எலிசாவும் பிரசவத்தை ஒட்டி இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஜூன் 28ஆம் தேதி, அந்தப் பள்ளிச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தில் இருந்தது இதுதான். ஒவ்வொரு கம்யூனும், நம் ஊராட்சி மாதிரி, தனியாகவோ பக்கத்து ஊரோடு சேர்ந்தோ ஒரு தொடக்கப் பள்ளி நடத்தவேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. வாத்தியாருக்கு வீடு கொடுக்கவேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 200 பிராங்க் சம்பளம் கொடுக்கவேண்டும். அதற்கு மேல் பிள்ளைகள் கட்டும் மாதக் கட்டணம். ஏழைப் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. கட்டாயக் கல்வி இல்லை, எல்லாருக்கும் இலவசமும் இல்லை. அதற்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. பெண் பிள்ளைகளைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. என் வகுப்பில் எப்போதும் பையன்களைவிடப் பொண்ணுங்கதான் நன்றாகப் படிப்பார்கள். அது கிஸோவுக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம், போலினோடு குடும்பம் நடத்தியவர்.

அடுத்து அவர் செய்த காரியத்தைப் படித்துவிட்டு டேப்பை மடியில் கவிழ்த்துவைத்தேன். சட்டத்தின் நகலோடு ஒரு கடிதத்தையும் சேர்த்து, நாடு முழுக்க 39,300 பள்ளி வாத்தியார்களுக்கு நேரடியாக அனுப்பினார். மாவட்ட அலுவலகம் வழியாக, அங்கிருந்து வட்டாரம் வழியாக, ‘தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்’ என்று முத்திரை குத்தி அனுப்பவில்லை. அமைச்சரிடமிருந்து வாத்தியாருக்கு. நான் 34 வருஷம் வேலை பார்த்தேன். மேலிடத்திலிருந்து என் பேருக்கு வந்தவை இரண்டு. ஒன்று நியமன ஆணை. இன்னொன்று மெமோ, பனியில் ஜீப் மாட்டி மன்னவனூரில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு நாளுக்காக வந்தது.

கடிதத்தில் என்ன இருந்தது? வாத்தியார் வேலைக்கு உள்ள பயனுக்கு ஈடான சுகத்தை எந்தச் சட்டமும் தரமுடியாது. இதில் சொத்துச் சேராது, பேரும் பெரிதாக வராது. ஒரே மாதிரியான வேலையில் ஆயுள் கழியும். சுற்றியிருப்பவர்கள் அறியாமையால் அநியாயம் செய்வார்கள், நன்றி மறப்பார்கள். மனிதர்களுக்காக உழைத்துக் கடவுளிடம் மட்டும் கூலி எதிர்பார்ப்பதே வாத்தியாரின் பெருமை. சாரம் இது. முதல் தடவை படித்தபோது கண் கலங்கியது என்னவோ நிஜம். இரண்டாம் தடவை படித்தபோது, சம்பளம் உயராது என்று ஒரு மந்திரி இவ்வளவு அழகாகச் சொல்லி நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. இப்போது இரண்டும் சேர்ந்தே தோன்றுகிறது.

39,300 பேரில் 13,850 பேர் பதில் எழுதினார்கள் என்று கிஸோ தன் நினைவுக் குறிப்புகளில் கணக்குச் சொல்கிறார். மீதி 25,450 பேர் எழுதவில்லை. நானாக இருந்தால் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருந்திருப்பேன்.

காரணம் இருக்கிறது. 1993 ஐப்பசி மழை. பூண்டி தாண்டி ஒரு சின்ன ஊரில் ஈராசிரியர் பள்ளி. இரண்டாவது அறையின் கூரைத் தகடு மூன்று இடத்தில் ஒழுகும். மழை வந்தால் மூன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே மூலைக்கு ஒதுக்குவேன். ஒரு நாள் வருகைப்பதிவேட்டை மேஜையில் விரித்தபடி விட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்து பார்த்தால் நட்ட நடுவில் சொட்டு விழுந்து நீல மசி கரைந்து, ஏழு பிள்ளைகளின் பெயர் ஒரே குளமாகிக் கிடந்தது. ஒரு பையனின் அப்பா பூண்டு மூட்டைக்குப் போடும் தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். அந்த வாரம்தான் ஒரு படிவம் வந்தது. ‘கட்டடத்தின் நிலை’ என்று ஒரு கட்டம். நான் உள்ளதை எழுதினேன். பத்து நாளில் படிவம் திரும்பிவந்தது. எழுத்தர் சொன்னார்: “சார், இப்படிப் போட்டா மேல கேள்வி வரும். ‘நன்று’ன்னு போட்டுக் கொடுங்க. எல்லா ஸ்கூலும் அப்படித்தான் போட்டிருக்கு.” போட்டுக் கொடுத்தேன். அழகான கையெழுத்தில் போட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிஸோ படிவத்தை மட்டும் நம்பவில்லை. அதே 1833இன் பிற்பாதியில் 490 ஆய்வாளர்களை அனுப்பி ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்த்துவரச் சொன்னார். மலையூர்களுக்கும் போனார்கள். மாட்டுக் கொட்டகையில் வகுப்பு நடந்ததைப் பார்த்தார்கள். பாடம் நடத்தும் நேரம் போகக் மாதா கோயில் மணி அடிப்பதும் பாட்டுப் பாடுவதும் கல்லறைக் குழி வெட்டுவதும் வாத்தியார்தான் என்று எழுதிவந்தார்கள். எங்கள் பக்கம் மணி அடிக்கச் சொன்னதில்லை. ரேஷன் கார்டு, ஆடுமாடு, ஜனங்கள் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள்.

இப்போது அந்த 200க்கு வருகிறேன். லூயி பிலிப் காலத்துச் சட்டப்படி, வருஷத்துக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆணுக்குத்தான் ஓட்டு. வாத்தியாரின் குறைந்தபட்சச் சம்பளமும் வருஷத்துக்கு 200 பிராங்க். வாங்குவதை முழுசாக வரியாகக் கட்டிவிட்டுப் பட்டினி கிடந்தால்தான் ஓட்டு. தன் பேருக்குக் கடிதம் வரும் அளவுக்குப் பெரிய மனிதராக இருந்த அந்த 39,300 பேருக்கும், சொந்தச் சொத்து இருந்த ஒரு சிலரைத் தவிர, ஓட்டு கிடையாது. மூன்றரைக் கோடி ஜனம் இருந்த நாட்டில் 1840களின் கடைசியில் வாக்காளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வரம்பைக் குறையுங்கள் என்று கேட்டவர்களுக்கு கிஸோ சொன்ன பதில் என்று ஒன்று இன்றுவரை ஓடுகிறது: உழைத்து, சேமித்து, பணக்காரர் ஆகுங்கள். முதல் இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு ‘பணக்காரர் ஆகுங்கள்’ என்பதை மட்டும் எதிரிகள் ஊர் முழுக்கப் பரப்பினார்கள். பாவம்தான். ஆனால் வெட்டாமல் படித்தாலும் வாத்தியாருக்கு ஓட்டு வரவில்லை.

2011 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு வெள்ளகவியில் வேலை போட்டார்கள். அப்போது ரோடு கிடையாது. வட்டக்கானலிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கவேண்டும். வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மேல் போனது, நாங்கள் பின்னால் நடந்தோம். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். நாங்களும் ஊர் எல்லையில் கழற்றினோம். கல்லும் சேறும் குத்த, வெறுங்காலோடு உட்கார்ந்து தேர்தல் நடத்திய வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நான். காலையில் முதல் ஆளாக ஒரு பாட்டி வந்தார். விரலில் மை வைத்ததும் அது காயட்டும் என்று கையைத் தூக்கிப் பிடித்தபடியே வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் எவ்வளவு வரி கட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்கும்படி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

1840 முதல் 1848 வரை ஆட்சியின் மூளை கிஸோதான். பேருக்கு வெளியுறவு அமைச்சர், 1847இல்தான் முறைப்படி பிரதமர். அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. கீழே கும்பல் ஆட்சி, அது அவர் அப்பாவைக் கொன்றது. மேலே எதேச்சாதிகார மன்னர், அது அவர் வகுப்பை மூடியது. நடுவில் படித்த, சொத்துள்ள, நிதானமான வர்க்கம்; ஐரோப்பிய வரலாறே அந்த வர்க்கத்தைத் தேடித்தான் இத்தனை நூற்றாண்டு நடந்துவந்தது என்று நம்பினார். வந்து சேர்ந்தாயிற்று, இனி நடக்க வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். வரலாறு எழுதத் தெரிந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அறுவடை இரண்டு வருஷம் பொய்த்திருந்தது, ரொட்டி விலை ஏறியிருந்தது. எதிர்க்கட்சியினர் கூட்டம் போடத் தடை இருந்ததால் விருந்து என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். 1848 பிப்ரவரியில் பாரிஸ் விருந்துக்கும் தடை போட்டார் கிஸோ. 22ஆம் தேதி ஜனம் தெருவுக்கு வந்தது. 23ஆம் தேதி மன்னர் அவரைக் கைவிட்டார். அன்று ராத்திரி அவருடைய அமைச்சகத்தின் முன்னாலேயே, கப்யூசின் வீதியில், படை சுட்டதில் பலர் செத்தார்கள். பிணங்களை வண்டியில் ஏற்றிப் பாரிஸ் முழுக்க ஊர்வலம் கொண்டுபோனார்கள். 24ஆம் தேதி மன்னரும் முடி துறந்து ஓடினார். அறிக்கையில் மார்க்ஸ் அவர் பேரைப் போட்டு அச்சடித்ததும் அந்த பிப்ரவரியில்தான்; மார்க்ஸை 1845இல் பாரிஸிலிருந்து வெளியேற்றியது கிஸோவின் அரசு.

பெல்ஜியம் வழியாகத் தப்பி மார்ச் முதல் வாரம் லண்டன் போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே வந்த அம்மா, அதே மாதம் 31ஆம் தேதி அங்கேயே இறந்தார், அந்தத் துக்க உடையோடு. பிரான்சில் புதிய குடியரசு ஒரே வீச்சில் ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்தது. இரண்டரை லட்சம் கூட இல்லாத வாக்காளர் பட்டியல் தொண்ணூறு லட்சத்தைத் தாண்டியது. அதில் அந்த 200 பிராங்க் வாத்தியார்களும் இருந்தார்கள்.

1849இல் ஊர் திரும்பி நார்மண்டியில் வால் ரிஷே என்ற பழைய மடத்து வீட்டில் குடியிருந்தார். மீதி இருபத்தைந்து வருஷமும் எழுத்துதான். இங்கிலாந்துப் புரட்சி ஏன் வென்றது என்று ஒரு நூல் (தன்னுடையது ஏன் தோற்றது என்று கேட்க முடியாதவர் வேறு எப்படிக் கேட்பார்), அந்தப் புரட்சியின் தலைவர் கிராம்வெல் பற்றி ஒன்று, எட்டுத் தொகுதி நினைவுக் குறிப்புகள். கடைசியில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன பிரான்ஸ் வரலாறு. அதை முடிக்கவில்லை. 1874 செப்டம்பர் 12இல் இறந்தார். மிச்சத்தை மகள் ஹென்ரியட் அப்பாவின் குறிப்புகளை வைத்து முடித்தார்.

போன வாரம் ஒரு நோட்டை எடுத்து, அந்த 1833 கடிதத்துக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். 25,450 பேரில் ஒருவர் தாமதமாக எழுதினால் குறைந்தா போய்விடும்? ‘ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளியில் பிள்ளைகள் 31. இரண்டாம் அறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது’ என்று ஆரம்பித்தேன். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது, வாசலில் காயப்போட்ட பூண்டை உள்ளே எடுங்க என்று சத்தம் வந்தது.